கொட்டாஞ்சேனையில் ஒரு பாரிடோன் பெட்டி

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், பின்னால் வருவதைப் படிப்பவர்கள் நான் ஒன்றுக்கு ஒன்பதாகக் கதை கட்டுவதாக நினைக்கக்கூடும். விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கியபோதே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. பக்கத்து இருக்கையில் நிவேதா நிம்மதியாகத் தூங்கினாள். எங்கள் நால்வரில் தைரியம் எல்லாவற்றையும் அவளே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று வீட்டில் அடிக்கடி சொல்வேன்.

நால்வர் என்றால் சாக்ஸபோன் குவார்ட்டெட். சென்னையில் ஓர் இசைக் கல்லூரியில் படிக்கிறோம். நிவேதா சோப்ரானோ, அது நாதஸ்வரத்துக்குத் தங்கை மாதிரி நேராக இருக்கும். அருண் ஆல்ட்டோ, ராபின் டெனர். நான் பாரிடோன். எல்லாவற்றிலும் பெரியது, தடித்த குரல், மெதுவான பேர்வழி. அதன் பெட்டி கறுப்பு நிறத்தில், என் மார்பு உயரத்துக்கு நிற்கும். அக்காள் மகனை அதற்குள் உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்திருக்கிறோம். விமான நிலையத்தில் அதைத் திறந்து காட்டச் சொன்ன ஒவ்வோர் அதிகாரியிடமும் நான் ஏதோ கடத்திக்கொண்டு வந்தவன் போல நாக்குழறினேன்.

எங்களுக்குக் கையசைத்து வழிகாட்டும் நடத்துநர் கிடையாது. நிவேதா மூக்கால் மூச்சை உள்ளே இழுப்பாள். அந்தச் சத்தம்தான் ஆரம்பம். ஆரம்பித்துவிட்டால் எது நடந்தாலும் நிறுத்தக் கூடாது. ஒருவன் தவறவிட்டால் மற்ற மூவரும் அவனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. கச்சேரி நடக்கும் இடத்தில் காலிப் பெட்டிகள் ஆள் கண்ணில் படக் கூடாது. பட்டால் அந்த இடம் ரயில்வே பிளாட்பாரம் மாதிரி ஆகிவிடும் என்பாள் நிவேதா. அதனால் ஆளுக்கொரு கறுப்புத் துணி வைத்திருக்கிறோம். பெட்டியை ஓர் ஓரமாகத் தள்ளி, துணியால் மூடிவிட்டுத்தான் மேடைக்குப் போவோம்.

கொழும்புக்கு எங்களை அழைத்தவர் அன்டன். கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறார். சென்னைக்கு ஒரு பாடகர் விழாவுக்கு வந்தபோது அருணுக்குப் பழக்கமானவர். தங்கியது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டோடு ஒட்டிய மாடி அனெக்ஸில்.

வெள்ளவத்தையில் முதல் நாள் எனக்குப் பாதி மயிலாப்பூராகவும் பாதி வேறு யாரோ ஒருவருடைய ஊராகவும் தெரிந்தது. சேலைக் கடைப் பலகைகள் தமிழில் இருந்தன. சைவ ஹோட்டலில் வடை எண்ணெயில் புரண்டது. ஆனால் கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரிடம் ஒரே மூச்சில் சிங்களத்துக்குத் தாவி, மறுபடி தமிழுக்கு வந்து, எங்களிடம் ஆங்கிலத்தில் விலை சொன்னார். ராபின் தமிழில்தான் கேட்டான். இருந்தாலும் எங்களைப் பார்த்தவுடன் இந்தியாக்காரர் என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ.

வீட்டுக்கார அக்கா மகேஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரர். படியில் பாரிடோன் பெட்டியை நானும் ராபினும் முன்னும் பின்னுமாகப் பிடித்து ஏற்றுவதைக் கீழே நின்று பார்த்தார்.

“இதென்ன தம்பி, பிரேதப் பெட்டி மாதிரிக் கொண்டு போறீங்கள்” என்றார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கும் பின்னேரத் தேநீருக்கும் நடுவில் வாசிக்கக் கூடாது, அவருடைய கணவர் படுத்திருப்பார் என்பது அவர் போட்ட ஒரே சட்டம். மற்ற நேரங்களில் தாராளமாக வாசித்தோம். பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட பெரியவர் ஒருவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, கல்யாண வீட்டில் வாசிக்கிற மாதிரி ஏதாவது கீர்த்தனை வருமா என்று விசாரித்தார். இது நான்கு பேர் சேர்ந்து வாசிக்கிற மேல்நாட்டு இசை என்று அருண் விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் கீர்த்தனை வராது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கு மகேஸ்வரி அக்கா இடியப்பமும் சொதியும் சம்பலும் அனுப்பினார். எங்கள் வீட்டில் இடியப்பம் என்றால் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும்தான். இங்கே மஞ்சள் நிறச் சொதியில் இடியப்பத்தைப் பிசைந்து, சம்பலைத் தொட்டு உள்ளே தள்ளியபோது, இத்தனை நாள் எங்களை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று ராபின் சொன்னான். நான் ஒத்துக்கொண்டேன். கடல் காற்றில் என் பாரிடோனில் துளையை மூடும் பேட் ஒன்று பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்ததால் மனம் சாப்பாட்டில் முழுதாக ஒட்டவில்லை. கச்சேரியில் அது ஒட்டிக்கொண்டால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் போனோம். ஆட்டோக்காரர்கள் பெட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பஸ்ஸில் நல்ல கூட்டம். பெட்டியைப் பின் வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, நான் முன்னால் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் மூட்டைகளை அப்படித்தான் விடுவோம். மூட்டை ஒரு பக்கம் போகும், சொந்தக்காரன் ஒரு பக்கம் போவான், இறங்கும்போது சந்தித்துக்கொள்வார்கள்.

இங்கே பஸ் இரண்டு நிறுத்தம்கூடப் போகவில்லை. நடத்துநர் சிங்களத்தில் ஏதோ சத்தமாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் என் பக்கத்தில் இருந்தவர், இது யாருடையது என்று கேட்கிறார் தம்பி, உங்களுடையதா என்றார். நான் கையைத் தூக்கினேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நடத்துநர் என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொல்லிக் கை காட்டினார். அந்தப் பெண் மறுபடி உட்கார்ந்தார். பெட்டிக்குத் தனியாகச் சீட்டு எடுக்காததற்காகத்தான் இவ்வளவு கோபம் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அன்டன் வீடு கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகலான சந்துக்குள் இருந்தது. ஒரு பக்கம் மாதா சுரூபத்துக்கு நீல விளக்கு, எதிர்ப்பக்கம் பிள்ளையார் படம் மாட்டிய சலூன். அன்டன் மெலிந்த மனிதர், பேசும்போதே கையால் தாளம் போடுவார். அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா நேர் எதிர். பெரிய உருவம், பெரிய சிரிப்பு. இறால் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய், கட்லட் என்று மேசை நிறைய வைத்துவிட்டு, நாங்கள் சாப்பிடுவது போதாது என்று அக்கறையாகத் திட்டிக்கொண்டே இருந்தார்.

ஸ்டெல்லா அக்காவின் அப்பா கல்யாண வீடுகளில் பேண்ட் வாசித்தவராம். சாக்ஸபோன்தானாம். “ஐயாட சத்தம் சந்து முனையில கேக்கும், அம்மா உடன அடுப்பில தேத்தண்ணி வைப்பா” என்றார். என் பாரிடோனை மடியில் வைத்துப் பார்க்கக் கேட்டார். கொடுத்தேன். குழந்தையை வாங்குவது போல வாங்கி, இவ்வளவு பெரியதை அப்பாவிடம் பார்த்ததில்லை என்றார்.

சாப்பிட்டபின் முன் அறையில் ஒத்திகை. நாங்கள் கொண்டுவந்த நிகழ்ச்சியில் நவீனமான ஓர் இசைத் துண்டு இருந்தது. அருணுக்கு அதன்மேல் உயிர். அதில் பாரிடோன் வாசிப்பவன் நாக்கை ஊதுவாயில் இருக்கும் நாணல் ரீடின்மேல் அறைந்து, ஊதாமலே ஒரு வெடிச் சத்தம் எழுப்ப வேண்டும். அதை ஸ்லாப் என்போம். சிறிய அறையில் அது சுவரில் மோதித் திரும்பும். வாயைப் பழக்கிக்கொள்ள நான் முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டு முறை அறைந்தேன்.

ஸ்டெல்லா அக்கா இருந்த சமையலறையில் பீங்கான் உடைந்தது. அன்டன் எழுந்து உள்ளே ஓடினார். நாங்கள் வாத்தியங்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம். உள்ளே அழுகைச் சத்தமும் இல்லை, பேச்சுச் சத்தமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

எங்களை வழியனுப்ப வந்தபோது, சந்து முனையில் அன்டன் சொன்னார். தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் காலையில் ஸ்டெல்லா அக்கா பூசையில் இருந்திருக்கிறார். கூடவே தங்கையும் இருந்திருக்கிறார். அக்காவுக்குக் கீறல்கூட இல்லை. தங்கை திரும்பி வரவில்லை.

“அதுக்குப் பிறகு எந்தக் கோயிலுக்குள்ளயும் அவ போகேல்ல. வாசல் வரைக்கும் வருவா, வெளியில நிண்டு கும்பிட்டுட்டுப் போயிடுவா. நானும் வற்புறுத்திறதில்ல. உங்கட கச்சேரிக்கு மட்டும் தானாச் சொன்னவ, வாறன், கதவுக்குப் பக்கத்தில கடைசி வாங்கில இருக்கிறனெண்டு. அதுக்காகத்தான் உங்கள இவ்வளவு தூரம் கூப்பிட்டனான்.”

தேவாலயத்தையும் அங்கே கோயில் என்றுதான் சொல்கிறார்கள், பெஞ்சை வாங்கு என்கிறார்கள். அன்டன் என்மேல் கோபப்படவில்லை. ஒரு வார்த்தை கடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியை நான் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் முழுவதும் மாடியில் உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பிரித்து மேய்ந்தோம். நவீனத் துண்டை எடுத்துவிடுவது என்பதில் விவாதமே இல்லை. அருணே அந்தத் தாள்களை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தான். அதோடு விட்டோமா? ஒவ்வொரு தாளாகத் திருப்பி, எங்கெல்லாம் திடீரென்று சத்தம் எழுகிறது என்று பென்சிலால் வட்டம் போட்டோம். ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய நான்கு பகுதிப் படைப்பின் கடைசிப் பகுதி, வேட்டு வெடிக்கிற மாதிரி முடியும். அதை வெட்டினோம். தொடக்கத்தில் வாசிக்கும் பழைய ஆர்கன் இசையில் எல்லோரும் ஒன்றாக ஓங்கி இறங்கும் இடம் ஒன்று உண்டு. அதை மெதுவாக வளர்த்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தோம். மோகன ராகத்தில் அருண் எழுதிய துண்டில் ஆபத்து எதுவும் இல்லை. கடைசியில் ஒரு தாலாட்டு.

“இப்படியே போனா மொத்தக் கச்சேரியும் தாலாட்டாத்தான் இருக்கும்” என்றான் ராபின்.

“இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் நிவேதா.

என்னிடம் மட்டும் தனியாகவும் சொன்னாள். பாரிடோனின் அடி ஸ்வரம் சில சமயம் தாமதமாக, உறுமலோடு வெடித்துப் பிறக்கும். அதை எப்படியாவது சத்தமில்லாமல் பிறக்கவைக்க வேண்டும். மகேஸ்வரி அக்காவின் கணவர் தூங்கும் நேரம் தவிர, அன்று முழுக்க அந்த ஒரே ஸ்வரத்தைப் பஞ்சு வைத்ததுபோலத் தொடங்கப் பழகினேன். உதடு தடித்துப் போனது. சாயங்காலம் மற்றவர்கள் கடற்கரைக்குப் போய் இறால் வடை சாப்பிட்டு வந்தார்கள். எனக்கும் ஒன்று கொண்டுவந்தார்கள். காரத்தில் உதடு எரிந்தது. பயத்தில் அதையும் முழுதாகச் சாப்பிட்டுவிட்டேன். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

கச்சேரி நாள் பின்னேரம் சீக்கிரமே போய்விட்டோம். கோயிலின் பக்கவாட்டு வாசலில் அன்டன் காத்திருந்தார். இரண்டு பேர் எங்கள் நான்கு பெட்டிகளையும் திறந்து, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார்கள். முன் வாசலில் மேசை போட்டு இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். வருகிறவர்களின் கைப்பைகளைப் பார்ப்பார்கள், பெரிய பை என்றால் உள்ளே விடமாட்டார்கள் என்றார் அன்டன். ஒழுங்கான ஏற்பாடு என்று ராபின் பாராட்டினான். திண்டுக்கல் பக்கத்துக் கத்தோலிக்கன் அவன். அவர்கள் ஊர்க் கோயிலில் திருவிழாவுக்கு ஆடு மாடுகூட உள்ளே வருமாம்.

வாத்தியங்களை எடுத்துப் பாகங்களைப் பொருத்தினோம். காலிப் பெட்டிகளை வைக்கப் பலிபீடத்துக்குப் பக்கத்து அறையைத்தான் கொடுத்திருந்தார்கள். அங்கே பூச்சாடிகளும் மடக்கு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. மூன்று பெட்டிகள் எப்படியோ நுழைந்தன. பாரிடோன் பெட்டி நுழையவில்லை. அன்டன் மின்விசிறிக்கு ஆள் தேடிப் போயிருந்தார். நானே பெட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைசி வாங்குக்கும் சுவருக்கும் நடுவில், கதவுக்குப் பக்கத்தில், அளவெடுத்தது போல ஓர் இடம் இருந்தது. தள்ளி வைத்து, கறுப்புத் துணியால் நன்றாக மூடினேன். ஓரங்களைக்கூட இழுத்துச் சொருகினேன். பார்த்தால் பெட்டி என்றே தெரியவில்லை. எனக்குத் திருப்தி.

கோயில் நிறைந்தது. சேலை கட்டிய பெண்கள், அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர்கள், பாடகர் குழுப் பிள்ளைகள். நாங்கள் பலிபீடத்துக்கு முன்னால் அரைவட்டமாக உட்கார்ந்தோம். நான் கடைசி வாங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொடங்க வேண்டிய நேரம் தாண்டி, அன்டன் தயங்கித் தயங்கி எங்களை ஆரம்பிக்கச் சொன்ன பிறகு, கதவில் ஸ்டெல்லா அக்கா தெரிந்தார். நீலச் சேலை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு மற்றக் காலையும் வைத்தார். சொன்னபடியே கடைசி வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். முன் வரிசையில் இருந்த அன்டன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கலைந்துவிடும் என்று அவருக்குப் பயம் போல.

ஆர்கன் இசை நன்றாகப் போனது. என் அடி ஸ்வரம் வெடிக்கவில்லை. பிரெஞ்சுக்காரருடையதில் முதல் பகுதியும் தேறியது. இரண்டாவது பகுதி மிக மெதுவானது. சோப்ரானோ ஒரு நீண்ட ராகத்தை இழுக்கும், மற்றவர்கள் கீழே மூச்சுப் போல நிற்போம். அவ்வளவு மெல்லிய இடம் என்பதால் கோயிலில் எந்த அசைவும் காதில் விழும். முதலில் பின்னாலிருந்து ஒரு வாங்கு நகரும் சத்தம் கேட்டது.

கடைசிக்கு முந்திய வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து வெளியே போனது. சரி, பிள்ளைக்கு ஏதோ அவசரம் என்று நினைத்தேன். பிறகு அந்த வரிசை முழுவதும் எழுந்தது. அதற்கு முன் வரிசை எழுந்தது. யாரும் ஓடவில்லை, யாரும் பேசவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தொட்டுவிட்டு, வரிசை வரிசையாகப் பின்னாலிருந்து எழுந்து, பக்கவாட்டுக் கதவுகள் வழியாகப் போனார்கள்.

கச்சேரி வாசிப்பவனுக்கு இதைவிடப் பெரிய பயம் உலகத்தில் இல்லை. வாத்தியம் உடையட்டும், தாள் பறக்கட்டும், சமாளிக்கலாம். கேட்க வந்தவர்கள் மரியாதையாக, சத்தமில்லாமல், ஒருவர் மிச்சமில்லாமல் எழுந்து போவதை என்ன செய்வது? நாம் அவ்வளவு மோசமாகவா வாசிக்கிறோம்? எல்லாச் சத்தத்தையும் வெட்டி எடுத்துச் சவசவ என்று ஆக்கிவிட்டோமோ? அருணின் காது சிவந்துவிட்டது. நிவேதா கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. வாசித்துக்கொண்டே இருந்தோம்.

கடைசி வாங்கில் மட்டும் ஸ்டெல்லா அக்கா அப்படியே இருந்தார். அவர் ஒருவராவது கேட்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது.

முன் வரிசையில் யாரோ அன்டனின் காதில் ஏதோ சொன்னார்கள். அன்டன் எழுந்தார். மற்றவர்கள் வெளியே போக, அவர் மட்டும் பின்னால் ஓடினார். மனைவியின் முன்னால் குனிந்து கையை நீட்டினார். அக்கா கையைப் பிடிக்கவில்லை. முன் வாசலில் பை சோதித்தவர்களில் ஒருவர் கதவுக்கு வெளியே நின்று, அன்டனை வரச் சொல்லிக் கையை ஆட்டினார். இன்னொரு கையில் தொலைபேசி. அவருடைய கண் வாங்குக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி இருந்தது. நானும் அங்கே பார்த்தேன். சுவரோரத்தில் கறுப்பாக, உயரமாக, மூடிக் கட்டிய ஏதோ ஒன்று.

 வாசிப்பதை நிறுத்தினேன். கீழிருந்து பாரிடோன் விழுந்ததும் மற்ற மூன்றும் அந்தரத்தில் தொங்கி, ஒவ்வொன்றாக நின்றன.

“அது என் பெட்டி” என்று கத்தினேன். குரல் பிசிறியது. “சாக்ஸபோன் பெட்டி. நான்தான் வெச்சேன்.”

 பாரிடோனைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே நடு வழியில் இறங்கி நடந்தேன். இருபுறமும் காலி வாங்குகள். ஒரு வாங்கில் யாரோ செருப்பை விட்டுப் போயிருந்தார்கள். வாசலில் நின்றவர் என்னை நிற்கச் சொன்னார். நான் நிற்கவில்லை. தைரியத்தால் அல்ல, நின்றால் மறுபடி நடக்க என் காலுக்குத் தெம்பு இருக்காது. நான் வைத்த பெட்டி, நான் மூடிய துணி. உள்ளே எதுவும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் துணியின் நுனியைப் பிடித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் பயமாக இருந்தது.

துணியை இழுத்தேன். பெட்டியைத் தரையில் படுக்கவைத்துத் திறந்தேன். பாரிடோன் வடிவத்தில் குழி விழுந்த பச்சை வெல்வெட். ஒரு துண்டு, ரீடு டப்பா, பாதி தின்ற முந்திரிப் பொட்டலம், துவைக்காத ஒரு சட்டை. வாசலில் நின்றவர் எட்டிப் பார்த்தார். நீளமாக மூச்சு விட்டார். வெளியே திரும்பிச் சிங்களத்திலும் தமிழிலும், ஒன்றுமில்லை, வாத்தியப் பெட்டி என்று சொன்னார். அப்போதுதான் வெளியே ஒரு குழந்தை அழத் தொடங்கியது. எப்படி எழுந்து போவது என்று அவர்கள் பழகி வைத்திருக்கிறார்கள். கத்தக் கூடாது, ஓடக் கூடாது, பின்னாலிருந்து எழ வேண்டும். பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்கிறது. வெளியே போன பிறகுதான் அழ வேண்டும் என்பதுகூட.

ஸ்டெல்லா அக்கா வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவருக்கு எழுந்திருக்க முடியவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார்.

“வா ஸ்டெல்லா, வெளியில போவம்” என்றார் அன்டன். “வந்திட்டாய் தானே. அது போதும்.”

“இப்ப எழும்பினா இனி நான் உள்ளுக்கு வரமாட்டன், அன்டன். எனக்குத் தெரியும்.” மெதுவாகத்தான் சொன்னார். பிறகு என்னிடம், “இன்னும் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டார்.

பாதிக்கு மேல் இருக்கிறது என்றேன்.

“வாசியுங்கோ. அத மூடாதேங்கோ. திறந்தபடியே இருக்கட்டும்.”

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ரீடு காய்ந்துவிட்டது. வாயில் போட்டு நனைக்க எச்சில் வரவில்லை. நிவேதா என்னைப் பார்த்தாள். நிறுத்தினாயே என்று அவள் கேட்கவில்லை. அந்த மெதுவான பகுதியின் தொடக்கத்தையே விரலால் காட்டிவிட்டு, மூச்சை உள்ளே இழுத்தாள். கோயிலில் அப்போது எங்கள் நால்வரைத் தவிர இரண்டு பேர்தான். அன்டன் மனைவிக்கும் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர்களுக்காக வாசித்தோம்.  அடி ஸ்வரம் இரண்டு இடங்களில் உறுமிக்கொண்டு பிறந்தது. ஸ்டெல்லா அக்காவின் தோள் துள்ளுவது மேடையிலிருந்தே தெரிந்தது. ஆனால் இருந்தார்.

மோகனத்துக்கு வந்தபோது ஆட்கள் ஒருவர் இருவராகத் திரும்பத் தொடங்கினார்கள். எல்லோரும் கடைசி வாங்கைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் திறந்திருந்த பெட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே தங்கள் இடத்துக்குப் போனார்கள். என் அழுக்குச் சட்டையைக் கொட்டாஞ்சேனையில் பார்க்காதவர்கள் மிகக் குறைவு. சிலர் வரவே இல்லை. குழந்தை வைத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

தாலாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். பங்குத்தந்தை நன்றி சொல்லி, பக்கத்து மண்டபத்தில் தேநீர் இருப்பதாக அறிவித்தார். கோயில் காலியானது. அன்டனை யாரோ மண்டபச் சாவி கேட்டு அழைத்துப் போனார்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும் அதே இடத்தில் இருந்தார். வாத்தியத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு நான் போனேன். எப்படியும் பெட்டி அங்கேதானே இருக்கிறது.

பாரிடோனை அதன் குழியில் படுக்கவைத்தேன். மூடியைச் சாய்த்தேன். அதற்குமேல் கை போகவில்லை. பழைய பெட்டி அது. தாழ் ஒவ்வொன்றும் சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் போட்டுத்தான் மூடும்.

“அக்கா, மூடினா சத்தம் வரும்” என்றேன். “நீங்க மண்டபத்துக்குப் போங்க. அப்புறம் மூடிக்கிறேன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். வாங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார். குனிந்து முதல் தாழின் மேல் கட்டை விரலை வைத்தார்.

“நான் மூடுறன்” என்றார்.

அழுத்தினார். காலிக் கோயிலில் அது கூரை வரை போய் வந்தது. அவருடைய உடம்பு முழுவதும் துள்ளியது. கண்ணை மூடித் திறந்து, அடுத்த தாழுக்குக் கையை நகர்த்தினார். மறுபடியும் துள்ளியது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அவரே மூடினார். கடைசித் தாழுக்கும் முதலில் துள்ளியது போலவேதான் துள்ளினார். நான் பக்கத்தில் மண்டியிட்டு, ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பெட்டியின் மேலேயே கையை ஊன்றி எழுந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார்.

“வாங்கோ தம்பி” என்றார். “தேத்தண்ணி ஆறிப்போகும்.”